ஒரே பேட்டையில் இரண்டு சுவர்கள்

கிழக்கு லண்டனில் கேபிள் தெருவில் பழைய நகர மன்றக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதன் பக்கச் சுவர் முழுக்க ஓர் ஓவியம். போலீஸ் குதிரைகள் மிரண்டு நிற்கின்றன. நடுத்தெருவில் தடுப்பரண். மாடி ஜன்னல்களிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் ஜனங்கள் கீழே வீசுகிறார்கள். உள்ளாடையோடு ஹிட்லரும் அந்தக் களேபரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

ஓவியத்தில் இருக்கும் அந்த மோதல் 1936 அக்டோபர் 4-ஆம் தேதி நடந்தது. பாசிஸ்ட் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லியின் கறுப்புச் சட்டைப் படை, யூதர்கள் நெருக்கமாக வாழ்ந்த அந்தத் தெருக்களின் வழியே ஊர்வலம் போகக் கிளம்பியது. யூதத் தையல்காரர்களும் ஐரிஷ் துறைமுகத் தொழிலாளர்களும் கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் ஒன்றாகத் திரண்டு மறித்தார்கள். வழி திறந்துவிட வந்த போலீசாரோடு பெரும் மோதல். கடைசியில் ஊர்வலம் வந்த வழியே திரும்பியது. இந்த ஓவியம் பாதியில் இருந்தபோது, 1982-ல், தீவிர வலதுசாரிகள் அதன்மேல் கோஷங்களை எழுதிச் சிதைத்தார்கள். தொடங்கிய ஓவியர் விலகிக்கொண்டார். மற்ற ஓவியர்கள் விடவில்லை. 1983-ல் முடித்தார்கள்.

அங்கிருந்து வடக்கே, நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் பிரிக் லேன். அதையொட்டிய ஹான்பரி தெருச் சுவரில் 2012-ல் இன்னொரு ஓவியம் வந்தது. குனிந்து கிடக்கும் மனிதர்களின் முதுகுகள்மேல் ஒரு பலகை. அதைச் சுற்றி உட்கார்ந்து பணக்கார விளையாட்டு ஆடும் கிழவர்கள். பின்னால் பிரமிடும் ஒற்றைக் கண்ணும். முதலாளிகளைத்தான் வரைந்தேன் என்றார் ஓவியர். ஆனால் அந்த முகங்களில் சிலவற்றின் மூக்கும் தாடியும், உலகத்தையே ரகசியமாக ஆட்டிவைக்கும் யூதன் என்று நாஜிகள் சுவரொட்டிகளில் போட்ட கேலிச்சித்திரங்களை அப்படியே நினைவூட்டின. உள்ளூர் மேயர் அழிக்க உத்தரவிட்டார். ஓவியர் முகநூலில் முறையிட்டார். ஏன் அழிக்கிறார்கள் என்று கேட்டு, ராக்ஃபெல்லர் அழித்த டியேகோ ரிவேராவின் ஓவியத்தோடு ஒப்பிட்டு, ஆறுதலாக ஒருவர் பின்னூட்டம் போட்டார். அவர், பின்னாளில் தொழிலாளர் கட்சித் தலைவரான ஜெரமி கோர்பின்.

கேபிள் தெரு ஓவியம் முடிந்த அதே 1983-ல்தான் கோர்பின் இஸ்லிங்டன் நார்த் தொகுதியிலிருந்து முதன்முறையாக நாடாளுமன்றத்துக்குப் போனார். கேபிள் தெருவில் நின்றவர்களில் தன் தாயும் ஒருவர் என்று பெருமையோடு சொல்லிவந்தவர். அந்தச் சுவரின் பிள்ளைக்கு இந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போனது எப்படி? பிரிட்டனின் தொழிலாளர் கட்சியை ஐந்தாண்டுகள் உலுக்கிய கேள்வி அதுதான்.

அன்று

அன்று எல்லாமே சரியாக இருந்தது என்று சொன்னால் அது பொய். 1881-க்குப் பிறகு ரஷ்யப் பேரரசில் நடந்த படுகொலைகளுக்குத் தப்பி வந்த யூதர்கள் கிழக்கு லண்டனின் ஸ்பிடல்ஃபீல்ட்ஸிலும் வைட்சேப்பலிலும் குடியேறி, காற்று வராத அறைகளில் இரவு பகலாகத் தையல் இயந்திரம் மிதித்தார்கள். கூலி குறைந்துவிடும் என்று பயந்த தொழிற்சங்கங்களே 1890-களில் குடியேற்றத்துக்குத் தடை கேட்டுத் தீர்மானம் போட்டன. 1905-ல் கன்சர்வேட்டிவ் அரசு அந்நியர் சட்டத்தைக் கொண்டுவந்து கதவைச் சாத்தியது. ஏகாதிபத்தியத்தைத் தோலுரித்த ஜே.ஏ. ஹாப்சனின் 1902-ஆம் ஆண்டுப் புத்தகத்தை இடதுசாரிகள் பல தலைமுறையாகப் படித்தார்கள். ஐரோப்பாவின் பணத்தை ஒரு குறிப்பிட்ட இனத்தார் கையில் வைத்திருக்கிறார்கள் என்ற நஞ்சும் அதே புத்தகத்தில்தான் இருந்தது. முதலாளித்துவத்தின் மேல் வரும் கோபம், சற்றுக் கண்ணயர்ந்தால் யூதர் மேல் திரும்பிவிடும் என்பதற்கு அது ஓர் ஆதாரம். அந்தப் புத்தகத்தின் 2011-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் கோர்பின். ஹாப்சனின் கருத்துகளைப் பாராட்டிய அந்த முன்னுரை, இந்தப் பகுதியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கேபிள் தெரு நாளிலும் தொழிலாளர் கட்சித் தலைமை வீதிக்கு வரவில்லை. மோதல் வேண்டாம், ஒதுங்கி இருங்கள் என்றுதான் மக்களுக்குச் சொன்னது. யூத சமூகத்தின் பிரதிநிதிகள் சபையும் அதையே சொன்னது. சாதாரண ஜனங்கள் இரண்டு பேச்சையும் கேட்கவில்லை.

ஆனாலும் யூதத் தொழிலாளிக்கு அரசியல் வீடு என்று ஒன்று இருந்தால் அது தொழிலாளர் கட்சிதான். ‘போலே சியோன்’ என்ற யூத சோஷலிஸ்ட் அமைப்பு 1920-லேயே கட்சியில் இணைந்தது. ஸ்பிடல்ஃபீல்ட்ஸில் பிறந்த தையல்காரர் மகன் மேனி ஷின்வெல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1938 ஏப்ரலில் ஒருநாள் சபையில் கன்சர்வேட்டிவ் உறுப்பினர் ராபர்ட் பவர் அவரைப் பார்த்து, போலந்துக்கே திரும்பிப் போ என்று கத்தினார். 53 வயது ஷின்வெல் எழுந்தார். சபையின் நடுவே எதிர்வரிசைக்கு நடந்து போனார். பவரின் முகத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார்.

அந்த அறையில் ஒரு காலத்தின் தெளிவு இருந்தது. வெறுப்பு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தது. அதற்கு முகமும் குரலும் இருந்தன. வீதியில் அது கறுப்புச் சட்டை போட்டு வந்தது. யாரை எதிர்ப்பது என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. 1945-ல் கிளெமென்ட் அட்லி ஆட்சி அமைத்தபோது ஷின்வெல் எரிபொருள், மின்சக்தி அமைச்சரானார்.

இடையில் நடந்தது

1967 அரபு-இஸ்ரேல் போருக்குப் பின் படம் மாறியது. அதுவரை இஸ்ரேலைச் சோஷலிஸ்டுகளின் இளம் நாடாகப் பார்த்த பிரிட்டிஷ் இடதுசாரிகளின் கண்ணில், அது பாலஸ்தீனர் நிலத்தை ஆக்கிரமித்த ராணுவமாகத் தெரிய ஆரம்பித்தது. 1982-ல் இஸ்ரேலின் லெபனான் படையெடுப்பு கோபத்தைக் கூட்டியது. அந்தக் கோபத்துக்கு நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது. இதற்குள் கிழக்கு லண்டன் யூதர்களின் பிள்ளைகள் வடக்குப் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்து நடுத்தர வர்க்கமாகியிருந்தார்கள். கட்சிக்கும் அவர்களுக்கும் இருந்த அன்றாட உறவு தேய்ந்தது. இஸ்ரேல் பெரும்பாலான பிரிட்டிஷ் யூதர்களுக்குக் கடைசிப் புகலிடம் என்ற உணர்வோடு கலந்தது. கட்சியின் இடதுசாரிகளுக்கோ அது எதிர்க்கவேண்டிய ஓர் அரசு.

கோர்பின் இந்த இடதுசாரிகளின் உலகத்தில் வளர்ந்தவர். தென்னாப்பிரிக்க நிறவெறியை எதிர்த்து 1984-ல் கைதானவர். ஈழத்தமிழர் படும் துன்பத்தைப் பெரும்பாலானோர் திரும்பிப் பார்க்காத நாட்களிலேயே நாடாளுமன்றத்தில் எழுப்பியவர். அதனால் தமிழர்கள் பலருக்கு அவர்மேல் உண்மையான நன்றி உண்டு. எனக்கும் உண்டு. இந்தக் கட்டுரையை எழுதுவது கொஞ்சம் கஷ்டமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

இன்று

2015 செப்டம்பரில் 59.5 சதவீத வாக்குகளோடு கோர்பின் தலைவரானார். லட்சக்கணக்கானோர் புதிதாகக் கட்சியில் சேர்ந்தார்கள். அவர்களோடு, ராத்ஸ்சைல்டு என்ற யூத வங்கிக் குடும்பம்தான் உலகை ஆட்டிவைக்கிறது என்று இணையத்தில் புழங்கிய கதைகளும் உள்ளே வந்தன. 2016 ஏப்ரலில், ஹிட்லர் சியோனிசத்தை ஆதரித்தார் என்று பேசிய லண்டனின் முன்னாள் மேயர் கென் லிவிங்ஸ்டன் இடைநீக்கம் செய்யப்பட்டார். கட்சியில் யூத வெறுப்பு பற்றி ஷமி சக்ரவர்த்தி தலைமையில் ஒரு விசாரணை நடந்தது. அவர் அறிக்கை தந்த சில வாரங்களிலேயே கோர்பினின் பரிந்துரையில் பிரபுக்கள் சபைக்குப் போனதால், அந்த அறிக்கைக்கு இருந்திருக்கவேண்டிய மதிப்பும் போனது.

2018 மார்ச்சில் லிவர்பூல் தொகுதி ஒன்றின் யூத நாடாளுமன்ற உறுப்பினர் லூசியானா பெர்கர், அந்தப் பழைய முகநூல் பின்னூட்டத்துக்கு விளக்கம் கேட்டார். முதலில் கருத்துச் சுதந்திரம் என்று பதில் வந்தது. பிறகு கோர்பினே, படத்தை உற்றுப் பார்க்காமல் எழுதிவிட்டேன் என்று வருத்தம் தெரிவித்தார். மூன்று நாள் கழித்து நாடாளுமன்றச் சதுக்கத்தில் நூற்றுக்கணக்கான யூதர்கள் கூடினார்கள். 2009-ல் ஈழப்போரை நிறுத்தச் சொல்லி நம்மவர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்த அதே சதுக்கம். கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தவர்களில் யூதப் பிரதிநிதிகள் சபையும் இருந்தது. 1936-ல் வீதிக்குப் போகாதீர்கள் என்ற அதே சபை. அன்று பாசிஸ்டுகளுக்கு எதிராகக்கூட வீதிக்கு வராத அமைப்பு, இன்று தொழிலாளர் கட்சித் தலைவருக்கு எதிராக வந்து நின்றது. இந்தக் கதையில் ஒரே ஒரு காட்சியை மட்டும் நினைவில் வைக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

அதே சதுக்கத்தில் கோர்பினை ஆதரித்தும் யூதர்கள் சிலர் நின்றார்கள். பாலஸ்தீனத்துக்காகப் பேசும் தலைவரை வீழ்த்த இந்தக் குற்றச்சாட்டு ஆயுதமாகிறது என்றார்கள் அவர்கள். அதையும் தள்ளிவிட முடியாது. யூத வெறுப்பு எது என்று சொல்லும் சர்வதேச யூத இனப்படுகொலை நினைவுக் கூட்டமைப்பின் வரையறையைப் பற்றி அந்த ஆண்டு முழுக்க நடந்த சண்டை இதைப் பற்றித்தான். அதில் 11 எடுத்துக்காட்டுகள் இருந்தன. இஸ்ரேல் தொடர்பான சிலவற்றின் வாசகத்தை மாற்றிக் கட்சி தன் விதியை எழுதியது. பெரும் எதிர்ப்புக்குப் பின் செப்டம்பரில் 11-ஐயும் ஏற்றது. அந்த வரையறையின் முதல் நகலை எழுதிய கென்னத் ஸ்டெர்னே, பேச்சை அடக்கும் சட்டமாக அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரித்துவந்தவர்.

ஆனால் வரையறையில் சொல் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் மனிதர்கள் அடிபட்டார்கள். பெர்கருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவற்றில் பல தீவிர வலதுசாரிகளிடமிருந்து வந்தவை. இடதுபக்கத்திலிருந்தும் வசவு வந்தது. 2018-ல் தன் தொகுதி இருந்த லிவர்பூலில் நடந்த தன் சொந்தக் கட்சியின் மாநாட்டுக்கு அவர் போலீஸ் பாதுகாப்போடு போக வேண்டியிருந்தது. 2019 பிப்ரவரியில், நிறைமாதக் கர்ப்பிணியாகக் கட்சியை விட்டு விலகினார். ஷின்வெல்லை அவமானப்படுத்தியவன் எதிர்வரிசையில் இருந்தான். பெர்கர் எந்த வரிசைக்கு நடந்து போய் யாரை அறைவது?

2019 டிசம்பர் தேர்தலில் கட்சி 1935-க்குப் பிறகு மிகக் குறைந்த இடங்களைப் பெற்றது. பிரெக்ஸிட் உட்படப் பல காரணங்கள். 2020 அக்டோபர் 29-ல் சமத்துவ, மனித உரிமை ஆணையத்தின் அறிக்கை வந்தது. அந்த ஆணையத்தை உருவாக்கியதே தொழிலாளர் கட்சி அரசுதான். அதற்கு முன் அதன் நடவடிக்கைக்கு ஆளான கட்சி, வெள்ளையின வெறி பேசிய பிரிட்டிஷ் தேசியக் கட்சி. தொழிலாளர் கட்சி துன்புறுத்தலுக்கும் பாகுபாட்டுக்கும் பொறுப்பாகிச் சட்டத்தை மீறியது என்று ஆணையம் முடிவு செய்தது. பார்த்த 70 புகார்க் கோப்புகளில், தலைவர் அலுவலகமும் பிறரும் முறையற்றுத் தலையிட்ட நிகழ்வுகள் 23 என்று எண்ணிச் சொன்னது.

கோர்பின் மனத்தளவில் யூத வெறுப்பாளரா என்ற கேள்விக்கு அறிக்கை விடை தரவில்லை. அது விசாரித்தது கட்சி நடந்துகொண்ட விதத்தை. இஸ்ரேல் அரசை நியாயமாக விமர்சிக்கவும், பிரச்சினையின் அளவு பற்றித் தன் அனுபவத்திலிருந்து கருத்துச் சொல்லவும் உறுப்பினர்களுக்கு உரிமை உண்டு என்றும் அதே அறிக்கை எழுதியது. அன்றே கோர்பின், ஒரு யூத வெறுப்பாளர் இருந்தாலும் அது அதிகம்தான், ஆனால் பிரச்சினையின் அளவு அரசியலுக்காக ஊதிப் பெரிதாக்கப்பட்டது என்றார். அன்றே இடைநீக்கம் செய்யப்பட்டார். உறுப்பினர் பதவி திரும்பக் கிடைத்தபோதும், நாடாளுமன்றக் கட்சியில் அவரைச் சேர்க்கப் புதிய தலைவர் கியர் ஸ்டார்மர் மறுத்தார். 2024-ல் சுயேச்சையாக நின்று அதே இஸ்லிங்டன் நார்த்தில் 7,247 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார் கோர்பின். பெர்கர் 2023-லேயே கட்சிக்குத் திரும்பியிருந்தார்.

ஸ்டார்மர் காலத்தில் புகார்களை விசாரிக்கத் தனி அமைப்பு வந்தது. ஆணையம் 2023 பிப்ரவரியில் தன் கண்காணிப்பை முடித்துக்கொண்டது. மறுபக்கம், இடதுசாரி யூத உறுப்பினர்கள் சிலர் மீதே யூத வெறுப்புப் புகார் பாய்ந்தது. கோர்பின் ஆதரவு, எதிர்ப்பு என்ற இரண்டு கோஷ்டிகளும் இந்த விவகாரத்தைக் கோஷ்டிச் சண்டையின் ஆயுதமாக்கின என்று 2022-ல் கட்சி நியமித்த வழக்கறிஞர் மார்ட்டின் ஃபோர்டின் அறிக்கை சொன்னதை, இரண்டு கோஷ்டிகளும் எதிராளியைப் பற்றியது என்றே படித்தன.

உற்றுப் பார்த்தல்

அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் மாறியது வெறுப்பின் உடை. கறுப்புச் சட்டையில் வந்தபோது அடையாளம் கண்டவர்கள், அது ஏழைகளுக்காகப் பேசும் தோழனின் குரலில், வங்கிக்காரர்களைத் திட்டும் சுவரோவியமாக வந்தபோது தவறவிட்டார்கள். நான் இனவெறியை வாழ்நாள் முழுக்க எதிர்த்தவன், எனக்குள் அது எப்படி இருக்கும் என்ற நம்பிக்கைதான் கண்ணை மறைத்தது. அந்த நம்பிக்கை நேர்மையானது. நேர்மையானது என்பதாலேயே ஆபத்தானது. புகார் சொன்ன பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன், அவள் யார் ஆள், யாருக்கு இதில் லாபம் என்று பார்க்க வைத்தது.

எளிய அளவுகோல் ஒன்று உண்டு. காஸாவில் குண்டு போட உத்தரவிட்டவரை எதிர்த்து எவ்வளவு உரக்க வேண்டுமானாலும் கத்தலாம், கத்தவும் வேண்டும். அந்தக் குண்டுக்கு, யூதர்கள் நிறைய வாழும் லண்டனின் கோல்டர்ஸ் கிரீனில் ரொட்டி வாங்க வந்தவரிடம் கணக்குக் கேட்டால் அது வெறுப்பு. இந்தக் கோட்டை நேர்மையாகப் போடுவது பாலஸ்தீனருக்கும் நல்லது. யூத வெறுப்பு ஒட்டிக்கொண்ட ஒவ்வொரு கோஷமும் அவர்கள் வழக்கைத்தான் பலவீனமாக்குகிறது. அதே போல, இந்தக் குற்றச்சாட்டை அரசியல் வசதிக்காக வீசும் ஒவ்வொருவரும், நாளை உண்மையாக அடிபடும் யூதரின் குரலை யாரும் நம்பாதபடி செய்கிறார்கள்.

ஹான்பரி தெருவின் அந்த ஓவியம் இப்போது இல்லை. கேபிள் தெரு ஓவியம் இருக்கிறது. யாராவது வந்து சிதைத்தால், தெரிந்தவர்கள் மறுபடி சாரம் கட்டி ஏறுகிறார்கள். ஒரு கட்சியும் அப்படித்தான் பிழைக்கும். முன்னோர் வரைந்துவிட்டுப் போன சுவரைக் காட்டிப் பெருமைப்பட்டால் போதாது. சாரம் கட்டி ஏறி, இன்று அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.