விசைத்தெளிப்பானில் கரி நீக்குதல்

பூச்சி தாக்கும் சமயத்தில் விசைத்தெளிப்பான் நின்றுவிட்டால் பயிர் காத்திராது. இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் பெட்ரோலுடன் கலந்த எண்ணெயும் எரிவதால், புகை வெளியேறும் துளையிலும் சைலன்சரிலும் நாளடைவில் கரி படிகிறது. துளை குறுகினால் புகை முழுவதும் வெளியேறாது. புதுக்கலவை உட்புக இடமின்றி என்ஜினின் வேகம் குறையும்.

என்ஜின் நன்கு ஆறியபின் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றவும். சைலன்சரை நீக்கி, ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இழுத்து, பிஸ்டன் மேலேறித் துளையை மூடும்படி நிறுத்தவும். இதனால் கரி சிலிண்டருக்குள் விழாது. பிறகு மரக்குச்சியால் சுரண்டவும். இரும்பு கூடாது, பிஸ்டனில் கீறல் விழும். உதிர்ந்த கரியைத் துடைத்தெடுத்து, பேக்கிங் வைத்துச் சைலன்சரைப் பூட்டவும்.

எண்ணெய் அளவை எந்திரத்தின் கையேட்டில் உள்ளபடியே கலக்கவும். 1:25 எனில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி எண்ணெய். கூட்டினால் கரி மிகும். குறைத்தால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.