மளிகைக்காரர் மகனின் 'டிக்கி' மதுக்கூடம்

சில ஆண்டுகளுக்கு முன் சரக்கு விஷயமாக துபாய் சென்றிருந்தோம். அங்குள்ள நம்மூர் அன்பர் ஒருவர் 'ட்ரேடர் விக்ஸ்' என்ற உணவகத்துக்கு அழைத்துப் போனார். மூங்கில் தடுப்பு, மரச்சிலைகள், மங்கல் விளக்கு என எல்லாம் பசிபிக் தீவு அலங்காரம். இதைத்தான் 'டிக்கி பார்' என்கிறார்கள். நாம் அன்னாசிச் சாற்றோடு நிறுத்திக்கொண்டோம். ஆனால் வியாபாரியின் கண் சும்மா இருக்குமா? பக்கத்து மேசைக் கோப்பையில் தூவியிருந்தது நம் கடை ஜாதிக்காய்! விலையோ தலைசுற்ற வைத்தது.

'ட்ரேடர்' என்றால் வியாபாரி அல்லவா? நிறுவனர் விக்டர் பெர்ஜரான் 1934-ல் அமெரிக்காவின் ஓக்லண்டில், பெற்றோரின் மளிகைக் கடைக்கு எதிரிலேயே சிறு கடை போட்டவர். ஹாலிவுட்டில் 'டான் தி பீச்கோமர்' மதுக்கூடத்தைப் பார்த்து வந்தபின், தம் கடையின் பெயரையும் கோலத்தையும் மாற்றினார்.

அந்த டான் பலே ஆள். பட்டைப் பாகு முதலான கலவைகளைப் புட்டியில் அடைத்து, பெயருக்குப் பதில் எண் போட்டு வைப்பாராம். வேலையாள் போட்டிக் கடைக்குப் போனாலும் பக்குவம் போகாது. மசாலா விகிதத்தை வாய் திறந்து சொல்லாத நம் ஆச்சிமார் நினைவுக்கு வந்தார்கள்! விக் 1944-ல் உருவாக்கிய 'மை டாய்' பானத்திலோ பாதாம் பாகு. பின்னாளில் அந்தக் கலவையையே புட்டியில் அடைத்து விற்றார்கள்.

1967-ல் ஜோ கூலோம் இதே தீவு அலங்காரத்தை மளிகைக்கே கொண்டுவந்து, பாசடீனாவில் 'ட்ரேடர் ஜோஸ்' திறந்தார். ஊழியருக்குப் பூப்போட்ட ஹவாய்ச் சட்டை. சரக்கில் பெரும்பகுதி சொந்த முத்திரை. இன்று ஐந்நூறு கிளைகளுக்கு மேல்.

நாமோ பட்டையும் கிராம்பும் உதிரியாக நிறுத்துக் கொடுக்கிறோம். அவை பொடியாகி, வெளியூர் முத்திரையோடு 'செட்டிநாடு மசாலா' என்று நம் அலமாரிக்கே வந்து சேருகின்றன.