சரக்கு ரசீதில் காணும் சொற்கள்

காவேரிப்பட்டினம் வட்டாரத்திலிருந்து ஜவுளியும் மாங்கூழும் வெளியூர் செல்வது புதிதன்று. நம்மில் பலர் கிளிமூக்கு என்று சொல்லும் பெங்களூரா மாம்பழம், ஆலைகளில் கூழாக்கப்பட்டு, கிருமி நீக்கிய பைகளில் அடைக்கப்படுகிறது. இரும்புப் பீப்பாய் ஒன்றுக்குச் சுமார் 215 கிலோ வீதம் அது துறைமுகம் சேர்கிறது. இருபதடிக் கண்டெய்னர் ஒன்றில் ஏறத்தாழ 80 பீப்பாய்கள் அடங்கும். இத்தனை பொருளையும் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு நாம் பெறுவது ஒரு காகிதமே. அதிலுள்ள சொற்களைப் படியாமலே கையொப்பமிடும் வழக்கம் நம்மிடையே மிகுதி.

முதலில் லாரி ரசீதைக் காண்போம். எல்.ஆர். என்று வழங்குவது இதுவே. சரக்கை அனுப்புபவர் 'கன்சைனர்', பெறுபவர் 'கன்சைனி'. 'பெய்டு' என்றிருப்பின் வாடகையை நாம் கட்டிவிட்டோம் என்பது பொருள். 'டு பே' என்றிருப்பின் பெறுபவர் கட்டவேண்டும். உரிய நாளுக்குள் எடுக்கப்படாத சரக்குக்குக் கிடங்கில் ஏறும் கூலி 'டெமரேஜ்'.

இவை எளியவை. நஷ்டம் விளைவிப்பது 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்னும் சொல்லே. சரக்குக்கு நேரும் கேடு உடையவரையே சாரும் என்று இதற்குப் பொருள் கூறுவர். இம்முத்திரையைக் கண்டதும் கேட்பதற்கு உரிமையில்லை என்று வாளாவிருத்தல் தகாது. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், சுமப்பவருக்குப் பொறுப்பு உண்டென்றே கூறுகிறது. ஆனால் அப்பொறுப்புக்கு வரம்பும் உண்டு. கூடுதல் பொறுப்புக்குரிய உயர்ந்த கட்டணத்தைச் செலுத்த ஒப்புக்கொள்ளாதவருக்கு, 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, நஷ்ட ஈடு வாடகையைப்போல் பத்து மடங்கைத் தாண்டாது. ஒரு லட்சம் ரூபாய் பெறுமான ஜவுளி மூட்டைக்கு 600 ரூபாய் வாடகை கொடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். மூட்டை தொலைந்தால் கிடைக்கக்கூடியது 6,000 ரூபாய். மீதி சங்கத்தின் நஷ்டம்! ஆகையால் மதிப்பை எழுதிக் கொடுத்து உயர்ந்த கட்டணம் செலுத்துவதோ, தனியே இன்ஷ்யூர் செய்வதோ அவசியம். வழக்குத் தொடுப்பதற்கு முன், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பியிருக்கவும் வேண்டும்.

கப்பல் வழி விற்பனையில் எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். என்னும் குறிகள் வரும். பாரிஸ் நகரத்துச் சர்வதேச வர்த்தக சபை 1936-இல் முதன்முதலாக இத்தகைய குறிகளை வரையறுத்து வெளியிட்டது. 2020-ஆம் ஆண்டுப் பதிப்பு இப்போது வழங்குகிறது. எஃப்.ஓ.பி. விலையில், கப்பலில் ஏற்றும் வரையில் செலவும் பொறுப்பும் விற்பவருடையவை. சி.ஐ.எஃப். விலையில் கப்பல் வாடகையும் இன்ஷ்யூரன்ஸும் சேரும். எனவே அயல்நாட்டுத் துறைமுகம் வரை பொறுப்பும் விற்பவருடையதே என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. செலவுதான் அதுவரை நம்முடையது. பொறுப்போ கப்பலில் ஏற்றியவுடன் வாங்குபவரிடம் போய்விடுகிறது. மேலும், கண்டெய்னர் கப்பலேறுமுன் துறைமுக முற்றத்தில் சில நாட்கள் கிடப்பதுண்டு. எஃப்.ஓ.பி. என்று எழுதினால் அந்நாட்களின் அபாயம் நம் தலைமேல். கண்டெய்னர் சரக்குக்கு எஃப்.சி.ஏ. என்னும் குறியே பொருந்தும் என்று அச்சபையும் கூறுகிறது. அதன்படி, குறித்த இடத்தில் போக்குவரத்துக்காரரிடம் ஒப்படைத்ததும் நம் பொறுப்பு நீங்கும்.

'பில் ஆஃப் லேடிங்' என்பது கப்பல் கம்பெனி தரும் சீட்டு. அது ரசீதாகவும் ஒப்பந்தச் சான்றாகவும் இருப்பதோடு, சரக்கின் உரிமைப் பத்திரமாகவும் பயன்படும். பணத்துக்கு வழி தெரியுமுன் மூலச் சீட்டைக் கைவிடலாகாது.

ஓசூரிலிருந்து காரை லாரியிலேற்றி வெளியூருக்கு அனுப்புவோரும் இச்சொற்களையே சந்திப்பர். ஏற்றுமுன் வண்டியிலுள்ள கீறல், பள்ளம் யாவற்றையும் தாளில் குறித்து இருவரும் கையொப்பமிடுவது முறை. பெறும் இடத்திலும் அவ்வாறே: மூட்டை கிழிந்திருந்தாலோ பீப்பாய் நசுங்கியிருந்தாலோ, அதை ரசீதிலேயே எழுதிய பின்னரே கையொப்பமிடவேண்டும். லாரிக்காரர் அவசரப்படுத்துவார், அதற்காக எழுதாமல் விடலாகாது.