பாடியவருக்கு மேடு, பாடுபடுவோருக்கு?



குற்றாலத்தின் அழகைக் குறவஞ்சியாகப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் மேலகரம். பாட்டைக் கேட்டு மகிழ்ந்த மதுரை நாயக்க மன்னர் நிலம் வழங்கினார். 'குறவஞ்சி மேடு' என்று அதற்குப் பெயர். பாடியவருக்கு மேடு கிடைத்தது. அதே மேலகரத்திலிருந்து விடியற்காலையில் குற்றாலத்துக்குப் போய், ஓட்டலில் இலை எடுக்கும் தொழிலாளிக்குக் கிடைப்பது என்ன? கணக்குப் பார்ப்போம்.

மேலகரத்துக்கு ஒரு புறம் தென்காசி, மறு புறம் குற்றாலம். இடையே ஐந்தாறு கிலோமீட்டர்தான். சீசன் வந்துவிட்டால் விலைவாசியோ மலைக்கும் மடுவுக்கும்! தென்காசி நகராட்சி, 2019 நவம்பர் முதல் மாவட்டத் தலைநகர். அங்கே வியாபாரம் ஆண்டு முழுவதும் நடக்கிறது. வாங்குபவர் உள்ளூர்க்காரர், விலையை ஏற்றினால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். குற்றாலம் பேரூராட்சி. ஜூனில் சாரல் விழுந்தால் ஊர் நிரம்பும். வருபவர் ஒரு நாள் விருந்தாளி. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் மடியைப் பார்த்து வைத்த விலையை அங்கே உழைப்பவரும் கொடுக்க வேண்டியிருக்கிறது. சீசன் முடிந்தால் விலை இறங்கும்; கூடவே வேலையும் போகும்!

செலவு கூடிய ஊரில் கூலியும் கூட வேண்டாமா? நடந்தது தலைகீழ். 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி ஓட்டல் தொழிலுக்குக் கூலி நிர்ணயித்தபோது ஊர்களை மண்டலங்களாகப் பிரித்தார்கள். நகராட்சி மேலே, பேரூராட்சியும் கிராமமும் கீழே. பெயர்ப்பலகையைப் பார்த்தார்களே தவிர, விலைப்பலகையைப் பார்க்கவில்லை! பஞ்சப்படியைச் சென்னை நகர விலைவாசிப் புள்ளியோடு கட்டினார்கள். சென்னையில் விலை ஏறினால் குற்றாலத்தில் பஞ்சப்படி ஏறும். குற்றாலத்தில் விலை ஏறினால் ஏறாது. அந்தப் புள்ளியும் விலை எவ்வளவு ஏறியது என்று சொல்லுமே தவிர, எந்த ஊர் கிராக்கி என்று சொல்லாது.

1957-இல் 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு என்ன சொன்னது? குடும்பத்தின் உணவு, ஆண்டுக்கு 72 கஜம் துணி, வாடகை, விறகு, விளக்கு எல்லாவற்றையும் கணக்கிட்டே கூலி நிர்ணயிக்க வேண்டும் என்றது. அந்த அளவுகோல் குற்றாலத்துக்கு மட்டும் பொருந்தாதா?

முடியாத காரியம் அல்ல. 2011 ஜூன் முதல் அட்டைதாரருக்கு ரேஷன் அரிசி இலவசம். அதில் தென்காசி, குற்றாலம் என்ற பேதமில்லை. சர்க்கார் கை வைத்த இடத்தில் சமம். சந்தைக்கு விட்ட இடத்தில் பேதம்!

2025 நவம்பர் 21-இல் ஊதியச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. பழைய மண்டலக் கோட்டை மாற்றச் சொல்லும் நேரம் இது. வாயால் கேட்டால் போதாது, தோழர்களே, கணக்கோடு கேளுங்கள். மாதம் ஒரு நாள் இரண்டு ஊரிலும் அரிசி, பருப்பு, எண்ணெய், தேநீர், வீட்டு வாடகை என்று விலையை நோட்டில் எழுதுங்கள். சீசனிலும் எழுதுங்கள், சீசன் போன பிறகும் எழுதுங்கள். அந்த நோட்டை அதிகாரியின் மேசைமேல் வையுங்கள்.

நாம் மேடு கேட்கவில்லை. ஊர் விலைக்கு ஏற்ற கூலி கேட்கிறோம்!