தண்ணீர் வருமுன் குழாய் ஏன் சீறுகிறது?

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை கூடும் கிராம சபைகளில் ஒன்று அந்த நாளுக்கானது. அதற்குள் குடிநீரைப் பற்றி விளக்கமாக எழுதுங்கள் என்று கெங்கவல்லி, தம்மம்பட்டி, வீரகனூர் பக்கமிருந்து வந்த கடிதங்கள் மேசையில் கிடக்கின்றன. காவிரித் தண்ணீர் நல்லதா, போர் தண்ணீர் நல்லதா? டி.டி.எஸ். எத்தனை இருக்கலாம்? ஆர்.ஓ. மெஷின் வாங்கியே ஆக வேண்டுமா? பஞ்சாயத்தில் ‘டெஸ்ட் பண்ணியாச்சு, பிரச்சினை இல்லை’ என்கிறார்கள், நம்பலாமா?

இவற்றுக்கெல்லாம் கடைசியில் பதில் இருக்கிறது. அதற்கு முன், ஒரு கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டும். ‘தண்ணி வர்றதுக்கு முன்னாடி பைப்பு உஸ்ஸுன்னு சீறும். அந்தச் சத்தத்துக்காகவே ராத்திரி பைப்பைத் திறந்து வெச்சுட்டுப் படுப்போம்.’ நம்மில் பலருக்கும் பழகிப்போன சத்தம்தான். ஆனால் வீட்டுத் தண்ணீரைப் பற்றி மற்றக் கேள்விகள் எதுவும் சொல்லாததை அந்தச் சீறல் சொல்லிவிடுகிறது.

சீறுவது காற்று. வருகிற தண்ணீர் தனக்கு முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது. அப்படியானால் அந்தக் காற்று குழாய்க்குள் எப்படிப் போனது?

குழாய் மூச்சு வாங்கும் நேரம்

மேல்நிலைத் தொட்டியின் வால்வைத் திறந்திருக்கும்வரை குழாய்க்குள் அழுத்தம் அதிகம், வெளியே குறைவு. குழாயில் எங்காவது ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே பீய்ச்சும். நமக்கு நஷ்டம்தான், ஆனால் வெளி அழுக்கு உள்ளே வர வழியில்லை. ஓடும் தண்ணீரின் அழுத்தமே குழாய்க்குக் காவல்.

வால்வை மூடியதும் கதை தலைகீழாகிறது. பள்ளத்துத் தெருக் குழாய்களில் மிச்சத் தண்ணீர் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கும். அது இறங்க இறங்க, மேட்டுத் தெருப் பக்கத்துக் குழாய் வெறுமையாகிறது. டீசல் பேரலில் டியூப் விட்டு, ஒரு முனையைத் தாழ்த்திப் பிடித்து இழுத்தவர்களுக்கு இது புரியும். கீழே ஒழுகுவது மேலே இருப்பதை இழுக்கும். மேட்டுத் தெருவில் திறந்து கிடக்கும் ஒவ்வொரு வாய் வழியாகவும், இணைப்பில் உள்ள ஒவ்வொரு கீறல் வழியாகவும் குழாய் வெளியில் இருப்பதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வெளியில் காற்று இருந்தால் காற்று போகும். சாக்கடை இருந்தால் சாக்கடை போகும்.

நம் ஊர்த் தெருக்களில் வீட்டு இணைப்புக் குழாய் பெரும்பாலும் சாக்கடையைக் கடந்துதான் வீட்டுக்குள் வருகிறது. அதோடு குழிக்குழாய் வேறு. அழுத்தம் போதாத தெருக்களில் வாசலில் இரண்டு மூன்று அடி பள்ளம் தோண்டி, குழாயைத் தாழ்த்தி, குடத்தைக் குழிக்குள் இறக்கித் தண்ணீர் பிடிக்கிறோம். பிடித்து முடித்ததும் குழியில் சிந்திய தண்ணீர் தேங்குகிறது. கால் கழுவிய தண்ணீரும் நாய் நக்கிய தண்ணீரும் மழைத் தண்ணீரும் அதில் சேர்கின்றன. திறந்து வைத்த குழாயின் வாய் அந்தத் தேக்கத்துக்குள் முங்கியிருக்கும் நேரத்தில் வால்வை மூடினால், குழித் தண்ணீர் குழாய்க்குள் ஏறும். அடுத்த முறை தண்ணீர் விடும்போது அது யார் வீட்டுக் குடத்தில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது, அதுவும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே. பக்கத்து வீட்டுப் பங்கைத் திருடுவதாக மட்டுமே அதை நினைக்கிறோம். மோட்டார் இழுக்கும் இழுப்பில் தெருக் குழாயின் அழுத்தம் வெளியழுத்தத்துக்குக் கீழே போனால், தெருவில் உள்ள அத்தனை கீறல்களும் உள்நோக்கித் திறக்கின்றன. மோட்டார் வைத்தவர் வீட்டுக் குழந்தையும் அதையே குடிக்கிறது.

ஹூப்ளி - தார்வாட் கணக்கு

இது ஊகம் இல்லை, அளந்து பார்த்த விஷயம். கர்நாடகத்தின் ஹூப்ளி - தார்வாடில் சில வார்டுகளுக்கு மட்டும் 24 மணி நேரமும் தண்ணீர் கிடைத்தது. மற்ற வார்டுகளுக்கு நாள் கணக்கில் விட்டு விட்டு வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு பகுதிகளின் வீட்டுக் குழாய்களிலும் மாதிரி எடுத்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலி கிருமி, தொடர்ந்து தண்ணீர் வந்த பகுதியில் 0.7 சதவீத மாதிரிகளில் இருந்தது. விட்டு விட்டு வந்த பகுதியில் அது 31.7 சதவீதம். தண்ணீர் வரத் தொடங்கியதும் முதலில் விழுவதுதான் கலங்கலும் கிருமியும் அதிகமுள்ள தண்ணீர் என்று அடுத்த ஆண்டு வந்த ஆய்வு காட்டியது.

இதற்குத் தீர்வு எல்லோருக்கும் தெரியும்: குழாயை வெறுமையாக விடாமல் இருப்பது. ஒடிசாவின் பூரி நகரம் 2021-இல் 24 மணி நேரமும் குழாயிலிருந்து நேரே குடிக்கும் தண்ணீரைக் கொடுக்கத் தொடங்கியது. அதற்காகப் பூரிக்குத் தனியாக ஒரு காவிரி கிடைத்துவிடவில்லை.

‘செயல்படும்’ என்ற சொல்

2019 ஆகஸ்ட் 15-இல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டம், கிராமத்து வீடுகளுக்கெல்லாம் 2024-க்குள் ‘செயல்படும் வீட்டுக் குழாய் இணைப்பு’ தருவதாகச் சொன்னது. 2025 பட்ஜெட்டில் கெடு 2028-க்குத் தள்ளிப்போனது. ‘செயல்படும்’ என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், தரமாக, முறையாக வருவது என்று விளக்கம் தருகிறார்கள். இதில் ‘முறையாக’ என்ற சொல்லைத்தான் நிறுத்திக் கேட்க வேண்டும். நான்கு நாளுக்கு ஒருமுறை, சொன்ன நேரத்துக்குத் தவறாமல் வந்தாலும் அது முறைதான். நடுவில் குழாய் எத்தனை மணி நேரம் வெறுமையாகக் கிடந்தது என்பதற்கு அந்த வரையறையில் இடமே இல்லை. இணைப்புகளை எண்ணிச் சதவீதம் போட முடிகிறது. சீறலை யாரும் எண்ணுவதில்லை.

‘டெஸ்ட் பண்ணியாச்சு’ என்பதிலும் இதே சிக்கல். கிருமிச் சோதனைக்கு மாதிரி எடுக்கும் முறைப்படி, குழாயைத் திறந்து இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, குழாயின் வாயைச் சுத்தப்படுத்தி, அதன் பிறகே புட்டியில் பிடிக்க வேண்டும். பெரிய குழாயில் ஓடும் தண்ணீரின் தரத்தை அறிய அது சரியான முறை. எந்நேரமும் தண்ணீர் ஓடும் ஊருக்கு முழுக்கப் பொருந்தும். ஆனால் நம் வீட்டில், ‘எப்போ நின்னுபோகுமோ’ என்ற பதற்றத்தில் சீறல் அடங்கியதுமே முதல் குடத்தை வைத்துவிடுகிறோம். ஆய்வகம் கொட்டிவிடும் தண்ணீரை நாம் குடிக்கிறோம். அறிக்கையில் பொய்யே இருக்காது. அந்த அறிக்கை நம் குடத்தைப் பற்றியதில்லை, அவ்வளவுதான்.

2024 டிசம்பரில் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் வயிற்றுப்போக்கால் பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், மூவர் இறந்தார்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்தது என்றார்கள் மக்கள். தண்ணீர்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றது அரசுத் தரப்பு. எந்த ஊரானாலும், நோய் வந்த பிறகு எடுக்கும் மாதிரியில் விடை கிடைப்பது அரிது. அழுக்கு கலந்த தண்ணீர் அதற்குள் வயிற்றுக்குள் போய்விட்டிருக்கும்.

கடைமடையில் எவ்வளவு குளோரின்?

குழாய் மூச்சு வாங்குவதை இன்றே நிறுத்த முடியாது. அதுவரை இருக்கும் ஒரே தற்காப்பு, தண்ணீரோடு கூடவே வரும் குளோரின். தொட்டியில் கிருமியைக் கொன்றது போக, மிச்சம் கொஞ்சம் தண்ணீரிலேயே தங்கி, வழியில் கலக்கும் அழுக்கோடு மோத வேண்டும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 கேட்பது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சக் குளோரின்.

1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது பழைய கணக்கு. புதிய பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும் என்பதால், அது லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் அளவு தரும். 30,000 லிட்டர் தொட்டிக்கு 75 கிராம் போதும். ஆனால் பிளீச்சிங் பவுடர் உயிருள்ள சரக்கு மாதிரி. மூட்டையைப் பிரித்து வெயிலிலும் ஈரத்திலும் வைத்தால் வீரியம் போய்விடும். அது பாதியாகக் குறைந்த பவுடரை அதே 75 கிராம் போட்டால், தொட்டியிலேயே 0.4 மில்லிகிராம்தான். தொட்டியின் பாசியும் வண்டலும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கடைசித் தெருவுக்குப் போகும்போது ஒன்றும் மிஞ்சாது. பவுடர் போட்டதாகப் பதிவேட்டில் எழுதிய ஆபரேட்டர் உண்மையைத்தான் எழுதியிருப்பார்.

ஏரிப் பாசனத்தில் தண்ணீர் பாய்ந்ததா என்று மதகில் நின்று யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. கடைமடை வயல் நனைந்ததா என்றுதான் பார்க்கிறோம். குடிநீருக்கும் அதே அளவுகோல் வேண்டும். தொட்டியில் எவ்வளவு போட்டார்கள் என்பதை விட்டுவிடுவோம். தெருவின் கடைசிக் குழாயில், முதல் குடத்தில், எவ்வளவு இருக்கிறது? அதைப் பார்க்க குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டி போதும். மருந்து சில சொட்டு விட்டால் நிறம் மாறும். நிறத்தைப் பெட்டியில் உள்ள அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஜல் ஜீவன் திட்டப்படி ஒவ்வொரு கிராமத்திலும் 5 பெண்களுக்கு நீர்ச் சோதனைப் பயிற்சி தர வேண்டும். உங்கள் ஊரில் அந்த ஐவர் யார், பெட்டி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை நான்கு. தண்ணீர் நின்றதும் குழாயை மூடுங்கள், சத்தத்துக்காகத் திறந்து வைக்காதீர்கள். குழாய் வாயோ ஓசோ குழித் தண்ணீரில் முங்கிக் கிடக்க விடாதீர்கள். முதலில் வரும் சில குடங்களைப் பாத்திரம் கழுவவும் செடிக்கும் வைத்துக்கொண்டு, தெளிந்த பிறகு குடிக்கப் பிடியுங்கள். சொம்பைக் கையோடு விட்டு மொள்ளாமல், திருகு வைத்த பாத்திரத்திலிருந்து எடுங்கள்.

மற்றக் கேள்விகள்

*டி.டி.எஸ். எத்தனை இருக்கலாம்?* லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2,000 வரை என்கிறது தர நிர்ணயம். அந்த மீட்டர் கரைந்த உப்பை மட்டுமே காட்டும், கிருமியைக் காட்டாது.

*ஆர்.ஓ. வேண்டுமா?* ஃபுளோரைடோ நைட்ரேட்டோ உப்போ அதிகம் என்று சோதனையில் தெரிந்தால் வேண்டும். மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீருக்குக் காய்ச்சுவதே பெரும்பாலும் போதும்.

*எவ்வளவு நேரம் காய்ச்ச?* நன்றாகக் கொதி வந்து ஒரு நிமிடம்; ஆறியதும் அதே பாத்திரத்தில் மூடி வையுங்கள்.

*காய்ச்சினால் ஃபுளோரைடு போகுமா?* போகாது; தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடும்.

*ஃபுளோரைடுக்கு ஏன் இவ்வளவு பயம்?* லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லில் கறையும், அளவு கூடும்போது எலும்பில் இறுக்கமும் வரும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு 2013-இல் ஒகேனக்கல் குடிநீர் வந்தது இதற்காகத்தான்.

*நைட்ரேட்?* 45 மில்லிகிராமுக்கு மேல் போகவே கூடாது. உரம் போட்ட வயலுக்கும் செப்டிக் டேங்குக்கும் பக்கத்துப் போர் என்றால், கைக்குழந்தையின் பால் புட்டிக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம்.

*கேன் தண்ணீர்?* 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் நிரப்பிய தேதியும் இல்லாத கேனை வாங்காதீர்கள்.

*எங்கே சோதிக்கலாம்?* குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில், கட்டணம் கட்டி.

*கெங்கவல்லி பேரூராட்சியாச்சே, கிராம சபை இல்லையே?* செயல் அலுவலருக்கு எழுத்தில் கேளுங்கள்; பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, 10 ரூபாய், 30 நாள்.

கிராம சபைக்குப் போகிறவர்கள் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போனால் போதும். ‘தண்ணீர் நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘இருக்கிறது’ என்ற பதில்தான் கிடைக்கும். இப்படிக் கேளுங்கள்: ‘போன மாதம் எங்கள் தெருக் கடைசிக் குழாயில், தண்ணீர் விட்டதும் பிடித்த முதல் குடத்தில் குளோரின் எவ்வளவு இருந்தது? எந்தத் தேதியில், யார் பார்த்தார்கள்?’ பதில் எண்ணாக வரட்டும். எண் இல்லை என்றால், ‘அளக்கவில்லை’ என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கிராம சபை மே 1-இல் வருகிறது. அதற்குள் கடைசிக் குழாயடிக்கு ஒரு தடவையாவது குளோரோஸ்கோப் பெட்டி வந்து போயிருக்க வேண்டும்.