முதலீட்டுத் துறையில் புதியவர்

காட்கோபரிலும் அடுத்துள்ள வித்யாவிஹாரிலும் வணிக மேலாண்மை பயிலும் இளைஞர் பலர், நிதித்துறை அனுபவமின்றித் தனியார் பங்கு முதலீட்டு நிறுவனங்களில் புக இயலுமா என வினவுகின்றனர். அந்நிறுவனங்கள் பிறர் பணத்தைத் திரட்டி, தொழில்களில் பங்கு வாங்கி, அவற்றை வளர்த்துச் சில ஆண்டுகளில் விற்பவை. நட்டம் நேரின் பிறர் சேமிப்புக்கே ஊறு. ஆதலின் புதியவரை எளிதில் ஏற்பதில்லை.

மாதுங்காவிலுள்ள வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கழகத்தில் ஜவுளிப் பொறியியல் கற்ற ரேணுகா ராம்நாத் அம்மையாரின் வரலாற்றை நோக்குவோம். மேலாண்மைப் பட்டமும் பெற்ற அவர், 1986-இல் ஐ.சி.ஐ.சி.ஐ. நிறுவனத்தில் சேர்ந்து, நிதிப் பணியின் பல பிரிவுகளில் உழைத்தார். 2001-இல் அதன் முதலீட்டு நிறுவனத்திற்குத் தலைவரானார். 2009-இல் மல்டிபிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்.

பட்டத்திற்கும் அத்தலைமைக்கும் இடையே பதினைந்தாண்டு உழைப்பு இருந்ததை நாம் மறத்தலாகாது. நேர்வழி குறுகியது, தொழிற்கடன் வழங்கும் வங்கி வழியே செல்லும் பாதை அகன்றது. ஆலையின் இயக்கத்தை அறிந்தவர் ஐந்தொகையையும் படிக்கக் கற்பாராயின், அனுபவக் குறை தடையாகாது.