உள்ளே எரியும் காடு

செல்ல நாய் செத்துக் கிடக்கிறது. மாயா துடித்துப் போகிறாள். வக்கீல் கணவன் கௌதமாவோ சடலத்தை அகற்ற ஏற்பாடு செய்துவிட்டு, விஷயம் முடிந்தது என்று நினைக்கிறான். 1963இல் வெளியான 'க்ரை, தி பீகாக்' என்ற தன் முதல் ஆங்கில நாவலை அனிதா தேசாய் இங்கேதான் தொடங்கினார். தம்பதியில் ஒருவர் இறப்பார் என்ற ஜோசியமும் ஆட்டிவைக்க, கடைசியில் கணவனை மாடியிலிருந்து தள்ளிவிடுகிறாள் மாயா. அடி, உதை இல்லாத வீடு அது. கொடுமைக்காரக் கணவனைப் பற்றி எழுதுவது சுலபம். நல்லவனோடு வாழ்ந்தும் மூச்சு முட்டுவதை எழுதுவதுதான் கஷ்டம்.

நான்கு குழந்தைகளின் தாயான தேசாய்க்கு 1978இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கித் தந்த 'ஃபயர் ஆன் தி மவுன்டன்' இன்னும் நுட்பமானது. துணைவேந்தரின் விதவை நந்தா கௌல் கசௌலி மலையில் தனியே வாழ்கிறார். தனிமை தானே விரும்பித் தேடியது என்று பெருமிதம் வேறு. கொள்ளுப்பேத்தி ராக்காவிடம் தன் பொற்காலத்தைக் கதை கதையாகச் சொல்கிறார். சிநேகிதி இலா தாஸ் கொலையான செய்தி தொலைபேசியில் வரும்போதுதான் குட்டு உடைகிறது. கணவருக்கு வாழ்நாள் முழுக்க இன்னொரு பெண்ணோடு உறவு. தனிமைகூட அவர் தேடியதல்ல, வேறு வழியில்லாமல் வந்தது. இத்தனை காலமும் அவர் பொய் சொல்லிக்கொண்டிருந்தது தனக்கேதான். சிறுமிக்கு அந்தக் கதைகளில் அக்கறையே இருந்ததில்லை. அவள் காட்டுக்குத் தீ வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறாள்.